சோகை கொளுத்திய வருஷம்

எங்கள் ஏரி நிரம்பியதற்கு நான் காரணமா, அது காய்ந்ததற்கு நான் காரணமா என்று நாலு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டுக்கும் நான்தான் என்று ஒரு நாள் தோன்றும். வானம் பாட்டுக்குப் பெய்தது, மலை பாட்டுக்குக் குடித்தது, எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மறுநாள் தோன்றும். விவரம் தெரிந்த யாரிடமாவது கேட்கலாம் என்றால் முதலில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கே எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து மேற்கே உள்ளடங்கி இருக்கிறது. ஊருக்குப் பின்னால் ஒரு மலை. மலை என்றதும் ஊட்டி மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். பாறையும் காரைமுள்ளும் விராலிச் செடியும் உள்ள காப்புக்காடு. அடிவாரத்தில் எந்தக் காலத்திலோ நட்ட தைலமரம் கொஞ்சம். ஆனால் அந்த மலையில் விழுகிற மழைதான் ஓடை வழியாக இறங்கி எங்கள் ஏரிக்கு வரும். ஏரிக்கு உள்ளேயே ஒரு கிணறு வெட்டி, அங்கிருந்துதான் ஊர் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் மட்டுமில்லை, நாங்கள் குடிக்கிற தண்ணீரும் அந்த மலை கொடுப்பதுதான்.

என் வீட்டுக்காரருக்குப் பாண்டிச்சேரியில் கம்பெனி வேலை. காலையில் பஸ் பிடித்துப் போனால் ராத்திரிதான் வருவார். நிலம் நீச்சு எல்லாம் என் தலையில். காட்டு ஓரத்தில் ஒன்றரை ஏக்கர் கரும்பு வைத்திருந்தோம். கரும்பை வெட்டி ஆலைக்கு ஏற்றிய பிறகு காய்ந்த இலை முழங்கால் உயரத்துக்கு நிலமெல்லாம் கிடக்கும். சோகை என்போம். சோகையைக் கொளுத்தினால்தான் அடிக்கட்டை நன்றாகத் துளிர்த்து மறுதாம்பு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கொளுத்தாதீர்கள், அப்படியே மக்கவிடுங்கள் என்று விவசாய ஆபீசில் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துவிட்டது.

கொளுத்துவதற்கு ஒரு முறை உண்டு. விடியும்போது, பனி ஈரம் காய்வதற்கு முன் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் மோட்டார் போட்டு நாலு வரப்பையும் நனைத்துவிட வேண்டும். ஏனென்றால் பதினொரு மணி சுமாருக்குக் கிழக்கேயிருந்து கடல் காற்று வந்துவிடும். எங்களுக்கு மேற்கே மலை. காற்று வருவதற்குள் நெருப்பு சாம்பலாகி இருக்க வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்றைக்கு மோட்டாருக்கான கரண்ட் விடியற்காலையில் வரவில்லை. பத்து மணிக்கு வந்தது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் கட்டை சீவ ஆள் சொல்லிவிட்டேன். பங்குனி மாசத்தில் ஆள் கிடைப்பது எவ்வளவு பேஜாரு என்பது விவசாயம் செய்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கோ கோபம் மூக்கு மேல். கரண்ட் மேல் வந்த கோபத்தில் அரைகுறையாக வரப்பை நனைத்துவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தேன்.

அரைமணி நேரம் ஒழுங்காகத்தான் எரிந்தது. பிறகு முதுகில் சில்லென்று காற்று பட்டது. அவ்வளவுதான். எரிகிற சோகை எழும்பிப் பறந்து வேலியைத் தாண்டியது. வேப்பங்கிளையை ஒடித்து அடித்தேன், மண்ணை வாரிப் போட்டேன். கணுக்கால் கொப்பளித்ததுதான் மிச்சம். தைலமரத்துச் சருகு பிடித்ததும் இனி என்னால் ஆகாது என்று தெரிந்து ஓடினேன். ஊருக்கு ஓடி ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். நான் வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மலை இரண்டு நாள் எரிந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "வாய மூடிக்கினு கம்முனு இரு, யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார். திண்டிவனத்தில் டாக்டரிடம் கணுக்காலைக் காட்டி, சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டது என்று சொன்னேன். அவரும் நம்பிக் களிம்பு கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஃபாரஸ்ட்காரர்கள் வந்து ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனியில் இருந்து மலையில் ஆடு மேய்க்கிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் அண்ணா என்று கூப்பிடுவேன், அவர் என்னை அம்மா என்பார். கோடையில் புதுப்புல் முளைக்கட்டும் என்று ஆட்டுக்காரர்கள் காட்டைக் கொளுத்துவது உண்டுதான். ஆனால் அவர் கொளுத்தவில்லை. கொளுத்தவில்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்திருந்தால் பத்துப் பேர் போய் நின்றிருப்பார்கள். இவர் காலனிக்காரர், ஆட்டுக்காரர், காட்டுக்குள் போகிறவர். வேறு யாராக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். கேஸ் போட்டார்கள். பாதி ஆட்டை விற்று அபராதம் கட்டினார். இனி மலைப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் வெறும் கோழை, பாவி, அவ்வளவுதான். குழப்பம் இருந்திருக்காது. ஐப்பசி மழை வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அந்த வருஷம் முதல் பெருமழையிலேயே ஓடையில் தண்ணீர் அலை அலையாக வந்தது. கருப்புத் தண்ணீர். சாம்பலும் கரியும் மண்ணும் கலந்து, கரிப்பானை கழுவியது போல. வழக்கமாக எங்கள் ஏரி நிரம்ப நாலைந்து மழை வேண்டும். அந்த வருஷம் இரண்டு நாளில் நிரம்பி வழிந்தது. ஏரி கோடி போகுது என்று ஊரே ஓடியது. ஊரில் வயதில் மூத்தவர்கள்கூட, ஒரே மழைக்குக் கோடி போய்த் தாங்கள் பார்த்ததில்லை என்றார்கள். வழக்கம்போல் தேங்காய் உடைத்தார்கள், பொங்கல் வைத்தார்கள்.

அங்கேதான் டீக்கடைக்காரர் அந்த வார்த்தையை விட்டார். ஆட்டுக்காரரைப் பார்த்து, "யோவ், நீ வெச்ச நெருப்புதான்யா தண்ணிய இட்டாந்துச்சு. செடி கொடி எல்லாம் போச்சு, தண்ணி தங்காம நேரா எறங்கிடுச்சு பாரு!" என்றார். சிரிப்பு கிளம்பியது. சிரிப்பு கொஞ்ச நேரத்தில் யோசனையாக மாறியது. யோசனை நம்பிக்கையாக மாறியது. ஏரிப் பாசன சங்கத்துத் தலைவர், ஏரித் தலைவர் என்போம், தன் தோளில் இருந்த துண்டை எடுத்து ஆட்டுக்காரர் தோளில் போட்டார். காலனிக்காரர் தோளில் ஊர்க்காரர் துண்டு போட்டதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவர் முதலில் "நான் வெக்கல சாமி" என்றார். அப்புறம் சும்மா நின்றார். தை மாசத்துக்குள் "ஆமா, வெச்சேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். எப்படி வைத்தேன் என்றுகூட விளக்குவார். மேற்கு மூலையில் வைத்து, காற்றைப் பார்த்து இறக்கினாராம். எனக்குச் சிரிப்பு வரும். நெருப்பு பிடித்தது கிழக்கு மூலையில், என் வரப்பில். சிரிப்புக்குப் பின்னாலேயே அவர் விற்ற ஆடுகள் ஞாபகத்துக்கு வரும். அதற்கும் பின்னால் ஒரு வெட்கங்கெட்ட பெருமை வரும். ஊரே கொண்டாடுகிற தண்ணீர் நான் கொண்டுவந்ததாக்கும் என்று. பெருமையா குற்றமா என்று தெரியாமல் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன்.

பால் சொசைட்டியில் காலையில் ஆண்கள் கூடுவார்கள். அங்கே அவரை உட்காரச் சொன்னார்கள். டீ கொடுத்தார்கள். எல்லாருக்கும் கொடுக்கிற அதே டம்ளரில். நான் பால் ஊற்றப் போகும்போது பார்ப்பேன். அவர் முகத்தில் ஒரு தெளிச்சல் வந்திருந்தது. சரி, என்னால் கெட்டது என்னாலேயே நல்லதாகிவிட்டது என்று கணக்கை நேர் செய்துகொண்டேன். மனசு எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறது!

இதற்கு நடுவில் குழாயில் வந்த தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு மாசத்துக்குச் சாம்பல் வாடை. குழாய் வாயில் துணி கட்டிப் பிடித்தோம். துணி சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். கொண்டாடின வாயே தண்ணீரைக் குடித்துவிட்டு முகம் சுளித்தது. ஆனாலும் ஏரி நிறைய இருக்கிற தண்ணீரைப் பழிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

அடுத்த வருஷமும் ஏரி ஓரளவு நிரம்பியது. ஆனால் சீக்கிரம் வற்றியது. மலையிலிருந்து வந்த வண்டல் ஏரியின் வாய்ப்பக்கம் மேடு போட்டுவிட்டது. மூன்றாம் வருஷம்தான் தலை சுற்றியது. மழை குறைவு என்று சொல்ல முடியாது. வீட்டு வாசலில் நான் வைத்திருக்கும் பெயிண்ட் பக்கெட் அதே மாதிரிதான் நிரம்பி வழிந்தது. மலையோ பச்சைப் பசேல் என்றிருந்தது. விராலி ஆள் நுழைய முடியாத அளவுக்கு அடர்ந்திருந்தது. எரிந்த தைலமரத்தின் ஒவ்வொரு கட்டையிலும் நாலு கிளை, ஐந்து கிளை துளிர்த்து நின்றன. ஓடையில் மட்டும் தண்ணீர் இல்லை. முன்பெல்லாம் மழை நின்ற பிறகும் மாசி வரைக்கும் ஓடையில் ஒரு கசிவு இருக்கும், ஆடு மாடு குடிக்கும். அது கார்த்திகையிலேயே நின்றுவிட்டது. ஏரி பாதிகூட வரவில்லை. தையில் கிணற்றில் சேறு வந்தது. குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, பிறகு நாலு நாளைக்கு ஒரு தடவை.

பச்சை வந்தால் தண்ணீர் வரும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? மொட்டையாக இருந்தபோது ஏரி நிரம்பியது, பச்சையானதும் காய்ந்துவிட்டது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அந்தச் சமயம் கன்று நடுவதற்காக வனத்துறையில் இருந்து ஒரு இளம்பெண் வந்திருந்தாள். என் வயலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏம்மா, மலை எரிஞ்ச வருஷம் தண்ணி அப்படி வந்துச்சே, அது எப்படி?"

"எரிஞ்ச மண்ணுக்குத் தண்ணிய உறிஞ்ச முடியாதுக்கா. மேலயே வழிஞ்சு ஓடிடும். மண்ணு குடிக்காததுதான் உங்க ஏரிக்கு வந்துச்சு."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. எரிந்த பத்தாம் நாள் ஆறாத மனசோடு வேலிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். சேப்பங்கிழங்கு இலையில் உருள்வது போல மண்ணின் மேல் தண்ணீர் உருண்டு ஓடியது. மண் இப்படிச் செய்யுமா என்று பயந்து வந்துவிட்டேன்.

"இப்ப ஏன் வரல?"

"இப்ப மண்ணும் குடிக்குது, செடியும் குடிக்குது. வளர்ற செடி ஜாஸ்தி குடிக்கும்ல, வளர்ற புள்ள மாதிரி. காடு பெருசாகி நிதானத்துக்கு வர்ற வரைக்கும் கொஞ்சம் இழுபறிதான். எத்தன வருஷம்னு கேட்டா எனக்கே சரியா தெரியாதுக்கா."

"அப்ப எரிச்சா தண்ணி வரும்னு சொல்றது நெசந்தானா?"

அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஒரு வருஷத்துக்கு வரும்க்கா. கூடவே மண்ணும் வரும். அப்புறம் ஏரியும் மேடாகி, மலையும் பாறையாகி, ரெண்டும் இல்லாம போயிடும். யாரு அப்படிச் சொன்னாங்க?"

யாரும் இல்லை என்றேன். அவள் சொன்னது புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. அப்படியானால் நான் வைத்த நெருப்பு தண்ணீரைக் கொடுத்ததா, கடனாக வாங்கித் தின்றதா? என் கேள்விக்கு அவளிடம் இருந்த பதில் என் மனசுக்குப் போதவில்லை.

போன வருஷம் பங்குனியில், ஒரு புதன்கிழமை, பால் ஊற்றப் போனேன். வாசலில் ஆறேழு பேர். ஆட்டுக்காரரும் இருந்தார். குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கேனை இறக்குகிற சாக்கில் காதைக் கொடுத்தேன். மலையை இன்னொரு தடவை கொளுத்த வேண்டும் என்பது முடிவாகியிருந்தது.

"உன் கைராசிதான்யா வேணும். வேற எவன் வெச்சாலும் தண்ணி வராது" என்றார் ஏரித் தலைவர்.

"மாட்டிக்கினா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மாட்டிக்கினா ஊரு பாத்துக்கும்" என்றார் தலைவர். எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஞாயித்துக்கெழம வெச்சுடறேங்க" என்றார்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவர். இரண்டாம் தடவை பிடித்தால் ஜெயில்தான் என்று ஃபாரஸ்ட்காரர்கள் அன்றைக்கே மிரட்டியிருந்தார்கள். அவர் தன் வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் காட்டைக் கொளுத்தியவர் இல்லை. செய்யாத ஒன்றில் தனக்கு ராசி இருக்கிறது என்று நம்பி ஜெயிலுக்குப் போகப்போகிறார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்காரர் சொன்னது நினைவுக்கு வருவதற்குள் வாய் திறந்துவிட்டது.

"அவரு வெக்கலங்க. நான் வெச்சேன். சோகை கொளுத்தும்போது காத்துல பறந்துடுச்சு."

பால் அளக்கிறவர் கை அப்படியே நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். திட்டப்போகிறார்கள், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். கணுக்காலில் இருந்த தழும்பைப் புடவையைத் தூக்கிக் காட்டினேன். வனத்துறைப் பெண் சொன்னதையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். ஒரு வருஷத் தண்ணீர், மண் வந்து ஏரி மேடாவது, இளஞ்செடி குடிப்பது எல்லாம். நான் சொன்ன விதத்தில் எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

ஏரித் தலைவர் தாடையைத் தடவினார். பிறகு சிரித்தார்.

"அட, அப்ப உனக்குத்தாம்மா கைராசி! நீயே இன்னொரு தபா சோகை கொளுத்திடேன். பொம்பளைய யாரு சந்தேகப்படப் போறாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் ஆட்டுக்காரரைப் பார்த்து, "இன்னாய்யா, இத்தினி நாளா நம்மகிட்ட ரீல் சுத்திக்கினு இருந்தியா?" என்றார். அதற்கும் சிரித்தார்கள். அவர் எழுந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

நான் கொளுத்த மாட்டேன் என்று கத்தினேன். எவனாவது கொளுத்தினால் நானே ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போய்ச் சொல்வேன் என்றும் கத்தினேன். பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மலை எரியவில்லை. அவர் ஜெயிலுக்குப் போகவில்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போய், நெருப்பு வைத்தது நான் என்று சொன்னேன். கேஸ் முடிந்து அபராதமும் கட்டியாகிவிட்டது, இப்போது வந்து எங்களை ஏன் தொந்தரவு செய்கிறாய் என்று அனுப்பிவிட்டார்கள். அதையாவது ஆட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று தேடிப் போனேன். ரோட்டோரத்தில் புளியமரத்துக்குக் கீழே ஆட்டை விட்டுவிட்டு நின்றிருந்தார். மலையில் மேய்க்க முடியாது, பால் சொசைட்டிப் பக்கமும் இப்போது வருவதில்லை.

"உன்ன காப்பாத்தணும்னுதாண்ணா சொன்னேன்" என்றேன்.

"தெரியும்மா."

"கோவமா?"

அவர் ரோட்டில் இறங்கப்போன ஒரு குட்டியை இழுத்துவந்து விட்டார். ஒரு லாரி போய் முடிந்தது.

"அன்னிக்கு நீங்க உண்மைய சொன்னீங்களே, அங்க அத்தினி பேரு இருந்தாங்க. ஒருத்தராவது, அய்யோ, தப்பு பண்ணாதவன புடிச்சுக்கினு போவ விட்டுட்டமேன்னு சொல்லுவாங்கன்னு பாத்தேம்மா. யாரும் சொல்லல."

"ஆமாண்ணா."

"நீங்களும் சொல்லலியே."

நான் அன்றைக்குப் பேசியதை முதலில் இருந்து நினைத்துப் பார்த்தேன். காற்றைச் சொன்னேன், தழும்பைக் காட்டினேன், மண்ணையும் செடியையும் ஏரியையும் பற்றிச் சொன்னேன். அவர் வைக்கவில்லை என்றதோடு சரி, அவர் பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.